ஒன்னுமில்லடா என்று மூன்று தடவை சொன்னேனாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் பாதி எனக்கே தெரியாது. கடைப் பையன் சொன்னது, மனைவி சொன்னது, பில் புக்கில் கிடப்பது, எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுத்தான் எழுதுகிறேன். தலையில் அடிபட்டவன் கொடுக்கிற சாட்சியை நம்பக்கூடாது என்பதுதான் எனக்குக் கிடைத்த பாடமே, அதனால் என்னையும் கொஞ்சம் சந்தேகத்தோடேயே படியுங்கள்.

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பைப், எல்போ, பெயிண்ட், ஆணி, அப்புறம் இந்த ஊரில் கடை போட்டுவிட்டுப் பூட்டு விற்காமல் இருக்க முடியுமா, அதுவும் உண்டு. போன ஆடியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மேல் ரேக்கில் இருந்த ஒரு பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்துக் கீழே கொடுத்து இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். ஊருக்கே ஆணி விற்கிறவன் கடை ஸ்டூல் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். பெட்டி விரலுக்கு எட்டியது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அட்டை நழுவியதும், நான் மல்லாக்கச் சாய்ந்ததும், பில் போடுகிற கடப்பாக்கல் மேசையின் விளிம்பில் பின்மண்டை 'ணங்'கென்று மோதியதும் பையன் சொன்னவை.

மயங்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மில் முக்கால்வாசிப் பேர், மயங்கி விழுந்தால்தான் தலைக்காயம், இல்லாவிட்டால் வெறும் புடைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் உடனே எழுந்து உட்கார்ந்தேனாம். "ஒன்னுமில்லடா, ஒன்னுமில்லடா" என்றேனாம். ரத்தம் ஒரு சொட்டு வரவில்லை, எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் மட்டும். பையன் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தான். ஆணி வாங்க வந்து நின்ற ஒருவர், "ரத்தம் வெளிய வந்துட்டாக்கூடப் பரவாயில்ல, உள்ள தங்குச்சுன்னாத்தான் வம்பு" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டுக் கால் கிலோ ஆணியோடு போய்விட்டாராம். அவர் சொன்னதிலும் பாதி சரிதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் உட்கார்ந்து வியாபாரம் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் ஒரு நிமிஷம்கூட ஞாபகம் இல்லை. பையன் பார்த்தது இவ்வளவு: "அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டியாடா?" என்று கேட்டேன். அவன் மத்தியானமே வாங்கி வந்து மேசை மேல் வைத்திருந்தான், "வாங்கியாச்சுண்ணே" என்றான். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. அவன் கவரைத் தூக்கிக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது தடவை. அதே வார்த்தை, அதே குரல், முதல் தடவை கேட்பவன் மாதிரியே அதே முகம். இரண்டாவது தடவை வரை கிண்டல் என்று நினைத்தவனுக்கு மூன்றாவது தடவை வயிற்றைப் பிசைந்திருக்கிறது. "அண்ணே, நீங்க என்னயப் பாத்துதான் கேட்டீங்க, ஆனா என்னயப் பாக்கவே இல்ல" என்று அப்புறம் சொன்னான். எத்தனையோ டாக்டர்கள் எழுதியதைப் படித்துவிட்டேன் இதற்குப் பிறகு, இவ்வளவு சரியாக யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, கணக்கு. 142 ரூபாய் பில்லுக்கு ஒருவர் 500 கொடுக்க, 458 எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அவர் நூறு ரூபாயைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு, "என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். இருபது வருஷமாகக் கால்குலேட்டர் தொடாத ஆள் நான். அப்புறம் ட்யூப்லைட்டை அணைக்கச் சொன்னேனாம், கண் கூசுகிறது என்று, வியாபார நேரத்தில். அப்புறம் பெயிண்ட் தின்னர் வாசம். அந்த வாசத்திலேயே வாழ்கிறவன், அன்றைக்கு அது தாங்காமல் எழுந்துபோய் வாசல் சாக்கடையில் வாந்தி எடுத்திருக்கிறேன். நடந்துபோனது நேராக இல்லையாம், கப்பலில் நடப்பவன் மாதிரி. அப்போதுதான் பையன் என் மனைவிக்குப் போன் போட்டான்.

அவள் வந்து என்னிடம் "என்னங்க பண்ணுது?" என்று கேட்க, நான் எரிந்து விழுந்திருக்கிறேன். "ஒன்னுமில்லங்கறேன்ல, ஆளாளுக்கு ஏன் உயிர வாங்குறீங்க?" சிடுசிடுப்பும் இதில் ஒரு அறிகுறிதான். ஆனால் எங்கள் வீட்டில் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் வேறு வழியில் போனாள். "காலையில என்ன டிபன் சாப்டீங்க?" இட்லி என்றேன். தயங்கக்கூட இல்லை. அன்றைக்குக் காலையில் உப்புமா. அந்த உப்புமாவுக்காகக் கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தேன். "உப்புமா மறந்துபோச்சுன்னா இது சாதாரண அடி இல்ல" என்று அவள் ஆட்டோவுக்குக் கை காட்டினாள். ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாமல் விட்டது அவள் செய்த இன்னொரு நல்ல காரியம், வழியில் நான் சரிந்திருந்தால் இரண்டு பேருக்கும் தலைக்காயம். கழுத்தில் வலி இருந்திருந்தாலோ கை கால் மரத்துப்போயிருந்தாலோ ஆட்டோவும் கூடாது, ஆளை அசைக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

உப்புமாக் கேள்விக்கு ஒரு மருத்துவப் பெயரே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் ஃபுட்பால் ஆடுகிறவர்களை வைத்து 1995இல் மேடாக்ஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் பார்த்திருக்கிறார்கள். அடிபட்ட ஆளிடம் உன் பேர் என்ன, வயசு என்ன, பிறந்த தேதி என்ன என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறான். அதெல்லாம் ஆழத்தில் புதைந்து கிடப்பவை. ஆனால் இது எந்த மைதானம், கடைசியாகக் கோல் போட்டது யார், போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா என்று கேட்டால் திணறுகிறான். புதிதாக உள்ளே போவதும் புதிதாகப் போனதும்தான் முதலில் அடிபடுகிறது. அதனால் யாராவது விழுந்து எழுந்தால் "உன் பேரச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போய்விடாதீர்கள். மத்தியானம் என்ன குழம்பு, இங்கே எப்படி வந்தாய், கடைசியாக யாரோடு போனில் பேசினாய், இப்படிக் கேளுங்கள். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

போகிற வழியில் ஆட்டோவில் இன்னொரு வாந்தி. ஆஸ்பத்திரியில் கண்ணில் டார்ச் அடித்தார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள், விரலைப் பிடிக்கச் சொன்னார்கள். கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்று ஒரு மார்க் இருக்கிறது, ஸ்காட்லாந்தில் 1974இல் உருவானது, கண் திறப்பதற்கு, பேசுவதற்கு, அசைவதற்கு என்று தனித்தனியாகக் கொடுத்துக் கூட்டுவார்கள். முழு மார்க் 15, அடிமட்டம் 3. என் சீட்டில் 15 என்று எழுதியிருந்தது. எங்கள் அம்மாவுக்கு ஏக சந்தோஷம், பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி வாங்கியதில்லை. ஆனால் 13லிருந்து 15 வரை வாங்கியவனுக்கும் மூளை அதிர்ந்திருக்கலாம், முழு மார்க் வாங்கிவிட்டே ஒருவன் மூன்று தடவை மாத்திரை கேட்கலாம். இரண்டு தடவை வாந்தி எடுத்ததால் சிடி ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். விழுகிற எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. திரும்பத் திரும்ப வாந்தி, 65 வயதுக்கு மேல், மண்டையோடு உடைந்திருக்குமோ என்ற சந்தேகம், இரண்டு மணி நேரம் ஆகியும் தெளியாத குழப்பம், உயரத்திலிருந்து விழுந்தது, வண்டி மோதியது, இந்த மாதிரி கணக்குகளை வைத்து அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஸ்கேன் நார்மல். நார்மல் என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு நாள் நான் அடித்த கூத்துக்கு அளவே இல்லை. டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார், ரத்தக்கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை, ஆனால் இது கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, இது ஸ்கேனில் தெரியாது என்று. எனக்குத்தான் 'இல்லை' வரைக்கும் கேட்டது. நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்: தயிர்ப் பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறீர்கள், டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். பானை உடையவில்லை, சிந்தவும் இல்லை, வெளியே பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் உள்ளே ஆடை உறைந்த தயிர் குலுங்கிக் கலங்கிவிட்டது. ஸ்கேன் பார்ப்பது பானையையும், உள்ளே ஏதாவது கசிந்திருக்கிறதா என்பதையும். கலங்கியது அதில் தெரியாது. நரம்புச் செல்களுக்குள் உப்புகள் இடம் மாறி, அதைச் சரிசெய்ய மூளை கூடுதல் சக்தி கேட்டு, கிடைக்காமல் திண்டாடுகிற நிலைமை அது. ஹெல்மெட் மண்டை உடையாமல் காப்பாற்றும், கட்டாயம் போடுங்கள், ஆனால் ஹெல்மெட்டுக்குள்ளும் தயிர் குலுங்கும்.

இப்போது அந்த ஆணி வாங்க வந்தவருக்கு வருகிறேன். உள்ளே தங்கினால் வம்பு என்றாரே, அது உண்மை. தவறு என்னவென்றால், வெளியே ரத்தம் வந்தால் உள்ளே வராது என்று நினைப்பது. இரண்டும் தனித்தனி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் எலும்பு மெலிசு, அதன் உட்புறம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே அடிபட்டு அது கிழிந்தால் ரத்தம் மெதுவாகச் சேர்ந்து மூளையை அழுத்தும். சேருகிற வரை ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார், சிரித்துக்கொண்டே எழுந்து, வந்த ஆம்புலன்ஸை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார், ஒரு மணி நேரம் போல் கழித்துத் தலைவலி ஆரம்பித்தது, இரண்டு நாளில் இறந்துபோனார். நம் கிரிக்கெட் ஆட்டக்காரர் ராமன் லம்பா, 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்று பந்து தலையில் பட்ட பிறகும் தன் காலால் நடந்துதான் மைதானத்தை விட்டுப் போனார். மூன்று நாளில் போய்விட்டார். எழுந்து நடந்தான், பேசினான் என்பதெல்லாம் முதல் சில மணி நேரத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சரியான ஆளிடம் சொன்னார். தலைவலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், வாந்தி நிற்காமல் வந்தால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கையோ காலோ பலம் இழந்தால், ஒரு கண்ணின் கருமணி பெரிதாகவும் மற்றது சின்னதாகவும் தெரிந்தால், மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் மாதிரி வடிந்தால், கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கறுத்துக்கொண்டு வந்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், யோசிக்காமல் 108. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அம்மா, "தலையில அடிபட்டவனத் தூங்க விடாதடி, அப்படியே போயிருவான்" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பயம் வெறும் மூடநம்பிக்கை இல்லை, ஒரு காலத்தில் ஸ்கேன் இல்லாதபோது முழித்திருந்தால்தான் ஆள் மோசமாகிறானா என்று தெரியும். ஆனால் டாக்டர் பார்த்து முடித்துத் தூங்கலாம் என்று சொன்ன பிறகு தூக்கம்தான் மருந்து. மனைவி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுப்பி ஒரு கேள்வி கேட்டாள், பதில் சொன்னேன், திட்டினேன், திரும்பப் படுத்தேன். திட்டு தெளிவாக இருந்ததால் அவளுக்கு நிம்மதி. தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்திருந்தார்கள், கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை எதையும் வாங்கிப் போடக்கூடாது என்றார்கள், சில மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

அம்மாவைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. விழுந்தது நானாக இல்லாமல் அவராக இருந்திருந்தால் கதையே வேறு. அவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், பையனிடம் நான் மூன்று தடவை கேட்டேனே, அதே மாத்திரை. இப்படி மாத்திரை எடுக்கும் வயதானவர்கள் பாத்ரூமில் லேசாக வழுக்கி இடித்துக்கொண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கி, அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், சின்ன அடியில் அறுந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்து மூன்று நான்கு வாரம் கழித்துக்கூட வெளியே தெரியலாம். பெரியவர் திடீரென்று தடுமாறுகிறார், பேச்சு மாறுகிறது என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல், போன மாதம் எங்கேயாவது விழுந்தாரா என்று ஒரு தடவை யோசியுங்கள். கைக்குழந்தை என்றால் நிறுத்தாமல் அழுவது, பால் குடிக்காமல் திரும்பிக்கொள்வது, வழக்கத்துக்கு மாறாகத் துவள்வது, இவற்றைத்தான் பார்க்க முடியும். அதனிடம் உப்புமா பற்றிக் கேட்க முடியாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, யாரும் பார்க்காத கூட்டம். தண்ணி போட்டுவிட்டு விழுந்தவன். குழறல், தள்ளாட்டம், வாந்தி, அசந்த தூக்கம் எல்லாம் போதையிலும் உண்டு, மூளையில் அடிபட்டாலும் உண்டு. "விடுங்கப்பா, காலைல தெளிஞ்சிருவான்" என்று திண்ணையில் படுக்கவைத்துவிட்டுப் போகிறோம். சிலர் தெளிவதில்லை. எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது, அதற்கு மேல் சொல்ல மனசில்லை.

சரி, என் கூத்துக்கு வருகிறேன். ஞாயிறு முழுக்கத் தூங்கினேன். திங்கட்கிழமை, ஸ்கேன்தான் நார்மலாச்சே என்று கடையைத் திறந்துவிட்டேன். பத்து மணிக்குப் பக்கத்துப் பட்டறையில் ஷீட் வெட்ட ஆரம்பித்தார்கள், தலைக்குள் யாரோ வெட்டுகிற மாதிரி இருந்தது. கம்பெனி விலைப்பட்டியலைப் படித்தால் மூன்றாவது வரியில் முதல் வரி மறந்துபோனது. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு மந்தம். சாயங்காலம் மகள் ஹோம்வொர்க்கில் சந்தேகம் கேட்டாள், அவளிடம் கத்திவிட்டு, பிறகு மொட்டை மாடியில் போய்க் காரணமே இல்லாமல் அழுதேன். எதற்கும் அழாத ஆள். அடிபட்டு இரண்டு நாள் கழித்து வருகிற இந்த அழுகையும் கோபமும் தூக்கக் கோளாறும்கூட அந்த அடியின் வால்தான் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையன் என்னை வீட்டுக்கு விரட்டிவிட்டுத் தானே கடையைப் பார்த்தான். முதல் ஒன்றிரண்டு நாள் நல்ல ஓய்வு, போனைக் குறைத்துக்கொள்வது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடை, வேலை, தலைவலி ஏறினால் ஒரு படி இறங்கிக்கொள்வது, இதுதான் வைத்தியம். வாரக்கணக்கில் இருட்டு அறையில் படுத்துக் கிடக்கத் தேவையில்லை. எனக்குப் பதினோரு நாள் ஆனது.

அந்த நாட்களில் இன்னொரு அடி மட்டும் வாங்கிவிடாதே என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். சின்ன வயதில் இரண்டு பேர் தலை முட்டிக்கொண்டால் கொம்பு முளைத்துவிடும் என்று பயந்து வேண்டுமென்றே இன்னொரு தடவை முட்டிக்கொள்வோமே, அதற்கு நேர் எதிர். முதல் அடி ஆறுவதற்குள் விழுகிற இரண்டாவது அடியில் மூளை வீங்கி உயிரே போன இளவயது ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊர்க் கபடியில் தலை மோதிக் கலங்கியவனுக்கு முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடியும் ரெய்டுக்கு அனுப்புகிறோம், வீரன் என்று விசில் வேறு. கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டிலிருந்து இப்படி அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவர் முழுதாக ஆடலாம் என்று விதியே வந்துவிட்டது. அந்த மாதமே லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஆர்ச்சர் பந்து கழுத்தில் பட்டது. அன்றைக்குச் சோதனைகளில் தேறி, திரும்ப வந்து ஆடி 92இல் அவுட் ஆனார். மறுநாள் காலை தலை பாரமாக இருந்து விலகிக்கொள்ள, லபுஷேன் வந்தார். ராத்திரி தாண்டி மெதுவாக வருகிற அறிகுறிக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜா ஹெல்மெட்டில் பந்து வாங்கியதையும், பதிலுக்கு வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்ததையும் நாம் எல்லோரும் பார்த்தோம், நடராஜனின் முதல் டி20 என்பதால் எங்கள் கடையில் அன்றைக்கு வியாபாரமே நின்றுபோயிருந்தது. ஏமாற்று வேலை என்று நானே அன்றைக்குச் சண்டைபோட்டிருக்கிறேன், 'நல்லாத்தானே ஆடினான், எழுந்து நின்னானே' என்று. எழுந்து நின்றேனே நானும்.

ஸ்டூலை உடைத்து அடுப்புக்குப் போட்டாயிற்று. ஒரு கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. மாதக் கடைசியில் பில் புக்கைப் புரட்டும்போது அந்தச் சனிக்கிழமை, அந்த முக்கால் மணி நேரத்துக்குள், பையன் டெம்போவில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் போட்ட ஒரு கடன் பில் இருந்தது. பெயிண்ட், பிரஷ், இரண்டு பூட்டு, மொத்தம் 2,340 ரூபாய். கையெழுத்து என்னுடையதுதான், கூட்டலும் அதிசயமாகச் சரியாக இருக்கிறது. பெயர் எழுதுகிற இடத்தில் 'அண்ணன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கடைக்கு வருகிற யாரைப் பார்த்தாலும் இந்த அண்ணனாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கிறேன், அவர்களும் என்ன என்பது போலப் பார்க்கிறார்கள். இன்று வரை எந்த அண்ணனும் பாக்கி கொடுக்க வரவில்லை.